தரை சரியா எண்டு பார்க்கிற வேலை

ஒசாக்காவில் பின்னேரம் ஆறு மணியானால்
கிளிநொச்சியில் இரண்டரை.
மொரிகாவா சான் திரையில் வந்து தலை குனிவார்.
நானும் குனிவேன்.
என் முதுகுக்குப் பின்னாலிருக்கிற காற்றாடி மட்டும்
இல்லை, இல்லை எண்டு தலையாட்டிக்கொண்டிருக்கும்.

என்ர வேலை சுவரில் மோதுறது.
வாளேந்திய ஒரு நரிப்பெண்ணை
மூலை மூலையாய்த் தள்ளிப் பார்க்கவேணும்.
எங்கேயாவது நிலம் அவளை விழுங்கினால்
எழுதி அனுப்பவேணும்:
வடக்கு மூங்கில்காடு, மூன்றாம் பாலம் தாண்டி இடப்பக்கம்.
பார்த்தால் தரை இருக்கு.
மிதித்தால் இல்லை.

இதுக்கு முதல் நாலு வருசம் முகமாலையில்.
முகக்கவசம், முழங்கால், புல்லு வெட்டுற கத்திரி,
நாளொன்றுக்கு ஒரு பாயளவு மண்.
நேர்முகத்தில் கேட்டார்கள், அனுபவம் உண்டா?
உண்டு எண்டேன்.
விளங்கப்படுத்தவில்லை.

இன்றைக்குக் கூட்டம் பிழை பிடிக்கிறதைப் பற்றியல்ல,
வருங்காலத்தைப் பற்றி.
தொலைக்காட்சிக்கு முன்னால் சப்பாணி கட்டி
பெட்டியில் விளையாடுகிறவர்களுக்கு
எங்கள் நாட்டில் நரைத்துவிட்டது, என்றார்.
ரயிலில் ஒரு கையால் தொங்கிக்கொண்டு
மற்றக் கையின் பெருவிரலால் விளையாடுகிறவர்கள்தான் மிச்சம்.
பெட்டியா, போனா?
உங்கள் பக்கத்தில் எப்படி?

எங்கள் பக்கம்.
பரந்தன் சந்தியில் நீக்கிலாசின் கடை,
பழைய பெட்டி மூன்று, மணித்தியாலம் நூற்றைம்பது.
கரண்ட் போனால் பெடியள் ஒருத்தரும் எழும்பமாட்டினம்.
இருட்டுக்குள்ள கட்டுப்படுத்தியைக் கட்டிப்பிடிச்சபடி
கோல் அடிச்சது நான்தான் எண்டு சண்டை.

அக்கராயனில் என்ர ஒண்டவிட்ட தம்பி டிலக்சன்.
கண்ணாடி வெடிச்ச போன்.
சிக்னலுக்காகத் தண்ணித்தாங்கியில் ஏறியிருப்பான்.
சீட்டிழுக்கிற மாதிரி ஒரு பொத்தான்,
அமத்த அமத்தக் காசு.
பதினோராயிரம் ரூபாய் ரீலோட்டுக்குப் பிறகு
ஒரு வெள்ளை நாகம் கிடைச்சது, இறக்கையோட.
நெல்லு வித்த காசெண்டு தெரிஞ்சதும்
தகப்பன் ஒண்டே ஒண்டுதான் கேட்டார்:
"அது இப்ப எங்க கட்டிக் கிடக்கு?"

ஆவணியில் கொம்பனி அறிவித்தது,
இதுவரை தந்த அன்புக்கு நன்றி.
ஜப்பானில் நள்ளிரவு பன்னிரண்டுக்கு மூடினார்கள்.
அக்கராயனில் எட்டரை, இரவுச் சாப்பாட்டு நேரம்.
பொத்தானை அமத்தினபடியே இருந்தான்.
சோறு காய்ஞ்சது.
தகப்பன் பேசுவார் எண்டு பார்த்தம். பேசேல்லை.
மாத்தளனில் லாண்ட்மாஸ்டரைச் சாவியோட
விட்டிட்டு வந்த மனுசன்.
மகனின்ர கோப்பையை மூடி வைச்சார்.

மொரிகாவா சான் காத்துக்கொண்டிருந்தார்.
என்னிடம் இருந்த ஆங்கிலத்தில்
இதில் எதுவும் கொள்ளவில்லை.
சொன்னேன்:
பெட்டியோ போனோ, ஐயா,
கரண்ட் நிண்டாலும், நீங்கள் கடையைப் பூட்டினாலும்
நிண்ட இடத்திலேயே திரும்ப நிக்க விடுகிற
ஒரு விளையாட்டு.

மிகவும் நல்ல கருத்து, என்றார்.
அவர் தட்டுவது எனக்குத் திரையில் தெரிந்தது:
தானாகச் சேமித்தல். இலங்கைக் கிளை.
முன்னுரிமை: நடுத்தரம்.

தலை குனிந்தோம்.
நான் மூங்கில்காட்டுக்குத் திரும்பினேன்.
நாலரை மணியளவில், கிணற்றுக்குப் பக்கத்தில்,
நரிப்பெண்ணின் வலது கால் கணுக்கால்வரை புதைந்தது.
என்னையறியாமல் என்ர கை
மேசையில் சிவப்புக் குச்சியைத் தேடியது.
தேத்தண்ணிக் கோப்பைதான் அகப்பட்டது.

இன்னும் ஒரு அடி வைத்தால்
எவ்வளவு ஆழம் எண்டு அறிக்கையில் எழுதலாம்.
அதுக்குத்தான் சம்பளம்.
அவளும் மூச்சு வாங்கிக்கொண்டு நிற்கிறாள்,
வாளை இறக்காமல்,
நான் எந்தப் பக்கம் அமத்துவேன் எண்டு.